இரண்டா, மூன்றா? தில்லியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொள்வார்க்கு எழும் இன்ஜின் ஐயமும் அதன் தெளிவும்

பாயிரம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்புகிறவருக்கு எழும் ஐயங்கள் நான்கு. பணத்துக்கு எங்கே போவது என்ற ஐயத்தை வங்கி தீர்த்து வைக்கும். நிறம் சிவப்பா நீலமா என்பதை வீட்டில் தீர்த்து வைப்பார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்ற ஐயத்தைத் தில்லியில் பிரம்மாவாலும் தீர்க்க முடியாது. ஆகவே அதை விட்டுவிடலாம். மிஞ்சுவது ஒன்று. இன்ஜின் சின்னதா, பெரியதா? இரண்டு லிட்டர் போதுமா, மூன்று லிட்டர் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஜெர்மனிக்காரர்களும் ஜப்பான்காரர்களும் நிறையப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரமச் சந்திப்பில் மாலை ஆறரை மணிக்கு நிற்கிறவனை மனத்தில் வைத்துச் சொன்ன பதில் எதுவும் இந்த ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இந்நூலின் பயன்.

ஆக்கியோன் தகுதி கூறுதும். இவர் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் உரிமையாளர் அல்லர். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் இனி ஆவதற்கும் வழியில்லை. நடுநிலைமை இவருக்கு அப்படித்தான் வாய்த்தது. வசிப்பது கரோல் பாகில். மத்திய அரசு வேலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய தமிழர்கள் ஒரு காலத்தில் வாடகை அறை தேடிப் போன பேட்டை அது. அவர்கள் பிறகு ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, மயூர் விஹார் என்று பரவிவிட்டார்கள். இப்போது கரோல் பாக் என்றால் தலைநகரத்தின் பழைய கார்ச் சந்தை. மாடியில் தயிர்சாதம் பிசையும்போது கீழே யாரோ ஆறு சிலிண்டரை முறுக்கிக் காட்டுகிறார். ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

அளவு

இன்ஜின் கொள்ளளவு என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் வெளியின் கன அளவு. சிலிண்டரின் குறுக்குப் பரப்பைப் பிஸ்டன் போகும் தூரத்தால் பெருக்கி, அதைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் சி.சி. வரும். மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளலாம். விட்டம் 68.5 மி.மீ., வீச்சு 72 மி.மீ., சிலிண்டர் மூன்று. ஆக 796 சி.சி. இந்தக் காரின் முதல் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி ஒரு தில்லிக்காரர் கையில்தான் கொடுத்தார். தலைநகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு சி.சி. என்றால் என்னவென்று தெரிந்தது அன்றிலிருந்துதான். அதற்கு முன்பு அம்பாசடர் வைத்திருந்தவர்களிடம் யாரும் சி.சி. கேட்டதில்லை, கதவு சாத்துகிறதா என்றுதான் கேட்டார்கள்.

இனி நம் ஆய்வுப் பொருள். பி.எம்.டபிள்யூ.வின் இசட்4, துணிக்கூரை போட்ட இரண்டு பேர் கார். 2019 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது இரண்டு இன்ஜினில் வந்தது. ஒன்று 1,998 சி.சி., 197 குதிரைத்திறன், ஷோரூம் விலை 64.9 லட்சம். மற்றது 2,998 சி.சி., 340 குதிரைத்திறன், 78.9 லட்சம். இதில் ஆய்வாளரைத் தூக்கிவாரிப்போட்ட செய்தி ஒன்று உண்டு. இரண்டு இன்ஜினிலும் சிலிண்டர் அளவு ஒன்றேதான்: விட்டம் 82 மி.மீ., வீச்சு 94.6 மி.மீ. ஒவ்வொரு சிலிண்டரும் கிட்டத்தட்ட சரியாக அரை லிட்டர். மதர் டெய்ரி பூத்தில் வாங்கும் அரை லிட்டர் பால் பாக்கெட்டை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு காரில் நாலு பாக்கெட், மற்றதில் ஆறு பாக்கெட். தத்துவம், பாரம்பரியம், ஓட்டுநர் உள்ளம் என்று விளம்பரத்தில் வரும் எல்லாவற்றையும் வடிகட்டினால் அடியில் தங்குவது இந்த இரண்டு பாக்கெட்தான். விலை வித்தியாசம் 14 லட்சம். பாக்கெட் ஏழு லட்சம்.

குதிரைக் கணக்குப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. முதல் நாலு பாக்கெட்டும் தலைக்கு ஐம்பது குதிரைகூடத் தரவில்லை. கடைசி இரண்டும் சேர்ந்து 143 குதிரை தருகின்றன. இன்ஜினியரைக் கேட்டால் அப்படிக் கணக்குப் போடக் கூடாது, டர்போ ஊட்டும் காற்றின் அழுத்தமும் சூட்டைத் தாங்கும் ஏற்பாடும் ஆறு சிலிண்டரிலுமே மாறுகின்றன என்பார். டீலரைக் கேட்டால் இப்படித்தான் கணக்குப் போட வேண்டும் என்பார்.

அரசின் அளவு

இன்ஜினை அளக்கும் உரிமை இன்ஜினியருக்கு மட்டும் என்று நினைப்பது தில்லிக்கு வெளியே இருப்பவர்களின் அறியாமை. இங்கே ஒவ்வொரு பவனுக்கும் ஓர் அளவுகோல் உண்டு.

வருமான வரித் துறைக்கு நெடுங்காலமாகக் கோடு 1,600 சி.சி. கம்பெனி கொடுத்த காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டுகிறீர்கள் என்றால், 1,600க்குள் இருந்தால் மாதம் 1,800 ரூபாய், தாண்டினால் 2,400 ரூபாய் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வந்தது. டிரைவர் இருந்தால் 900 கூடுதல். 1962ஆம் வருஷத்து விதிகளின்படி ஒரு ஆல்ட்டோவுக்கும் போர்ஷேவுக்கும் இடையிலான தூரம் மாதம் அறுநூறு ரூபாயாக இருந்தது.

இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இரண்டு கோடு: 1,000, 1,500. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் வைத்த கட்டணம் 1,000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1,500க்குள் 3,416, அதற்கு மேல் 7,897. அதற்கு மேல் என்றால் எதுவரை? எல்லையே இல்லை. குடும்பத்தோடு வைஷ்ணோதேவி போய்வரும் இன்னோவாவும் 6,498 சி.சி. லம்போர்கினி அவென்டடாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வரிசையில் நின்று ஒரே தொகை கட்டுகின்றன. சமத்துவம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் இந்தக் கட்டணப் பட்டியலைப் பார்க்கலாம்.

ஜி.எஸ்.டி.க்குக் கோடு பெட்ரோலில் 1,200, டீசலில் 1,500. நீளமும் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இப்பால் 18 சதவீதம், அப்பால் 40. நாட்டில் பாதிக் கார்கள் 1,197, 1,199 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். இதிலே பிரிட்டிஷ்காரர்கள் நமக்கு முன்னோடிகள். 1947 வரை அவர்கள் சிலிண்டர் விட்டத்தை மட்டும் அளந்து கார்களுக்கு வரி போட்டார்கள், வீச்சைக் கண்டுகொள்ளவில்லை. உடனே கம்பெனிகள் விட்டத்தைக் குறுக்கி வீச்சை நீட்டின. அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின் 73 மி.மீ. விட்டமும் 89 மி.மீ. வீச்சுமாக ஒல்லியாய் நெட்டையாய் இருந்ததில் அந்த வாசனை கொஞ்சம் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய கோடு உச்ச நீதிமன்றம் போட்டது. 2015 டிசம்பர் 16 அன்று, 2,000 சி.சி.யும் அதற்கு மேலுமான டீசல் கார்களைத் தில்லியிலும் சுற்று வட்டாரத்திலும் புதிதாகப் பதிவு செய்யக் கூடாது என்று தடை வந்தது. அடுத்த மாதமே மஹிந்திரா தன் 2.2 லிட்டர் இன்ஜினைச் சுருக்கி 1.99 லிட்டர் ஆக்கிக்கொண்டு வந்து நின்றது. ஸ்கார்பியோ அதே ஸ்கார்பியோ, புகைபோக்கி அதே இடத்தில். சட்டப்படி சின்ன வண்டி. 2016 ஆகஸ்டில், விலையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்காகக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தடை விலகியது. இந்த எட்டு மாத இடைவெளியில்தான் தில்லிவாசி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தான்: இன்ஜின் அளவைக் காகிதத்திலும் குறைக்கலாம்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் மரபு. காரையும் அவற்றை விட்டு ஆராய முடியாது.

நிலம் முதலில். தில்லிப் போக்குவரத்துப் போலீஸ் 2021 ஜூனில் வெளியிட்ட பட்டியல்படி கார்களுக்குப் பெரிய சாலைகளில் மணிக்கு 60 கிலோமீட்டர், சிலவற்றில் 70, சிலவற்றில் 50, குடியிருப்புப் பகுதிகளின் உள்ளே 30. கேமராக்கள் இதைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொள்கின்றன. நம் இரண்டு லிட்டர் கார் நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 6.6 விநாடி, மூன்று லிட்டர் 4.5 விநாடி. வித்தியாசம் 2.1 விநாடி. இந்த 2.1 விநாடியைத் தில்லியின் எந்தச் சாலையில் செலவழிப்பது என்பதே கேள்வி. நூறைத் தொட்டால் சலான். அறுபதோடு நின்றால் மிச்சமாவது ஒரு விநாடிகூட இராது. அதையும் அடுத்த சிக்னலில் கார் சார்ஜர் விற்கும் பையன் கண்ணாடியைத் தட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

ஊருக்கு வெளியே போகலாமே எனின், போகலாம். யமுனா விரைவுச் சாலை 165 கிலோமீட்டர், எல்லை மணிக்கு நூறு. தில்லி மும்பை விரைவுச் சாலையில் 120. இரண்டு லிட்டர் காரின் உச்சவேகம் 240, மூன்று லிட்டருக்கு 250. நூற்றிருபதுக்கு மேலே இருக்கும் வேகமெல்லாம் இரண்டிலும் பீரோவில் வைத்த பட்டுப்புடவைதான். முழுக்க உடுத்திப் பார்க்க வேண்டுமானால் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளத்துக்குப் புத் பந்தயத் தடம் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டு ஃபார்முலா 1 நடந்தது. மூன்றிலும் வெட்டல்தான் ஜெயித்தார். நடைமுறையில் தில்லி ஸ்போர்ட்ஸ் கார்கள் போகும் தடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டு, ஜி.டி. சாலையில் முர்த்தல் போய், வெண்ணெய் உருகும் பராட்டா சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் திரும்புவது. போகும்போது 340 குதிரையும் வேண்டியிருக்கும். திரும்பும்போது ஓட்டுநர் இருக்கும் நிலையில் 197ஏ அதிகம்.

பொழுது இன்னும் கறார். இந்தக் காரின் கூரை பத்து விநாடியில் திறக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறக்கும். ஆனால் திறந்தால் என்ன வரும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மே, ஜூனில் 45 டிகிரி. ஜூலை, ஆகஸ்டில் மழை. மிண்டோ பாலத்தடியில் தண்ணீர் நிற்கும் மாதத்தில் தரையோடு தரையாகப் போகும் காரை வெளியே எடுக்கிறவருக்கு இந்நூல் பயன்படாது. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்றின் தரக் குறியீடு நானூறைத் தாண்டும் நாட்களில் கூரையைத் திறப்பது மருத்துவச் செலவு. ஆக பிப்ரவரி, மார்ச்சிலும் அக்டோபரில் தீபாவளிக்கு முந்திய சில நாட்களிலும் மட்டும் திறக்கலாம். கூரை மூடியிருக்கும் மற்ற நாட்களில் வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிவதில்லை. இது ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்படை நோக்கத்துக்கே முரண்.

பொழுதில் இன்னொரு வகை உண்டு: வண்டியின் வயது. பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்பது தலைநகரத்து ஆயுள் ரேகை. பசுமைத் தீர்ப்பாயம் போட்டதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 அன்று வயதான வண்டிகளுக்குப் பம்பில் பெட்ரோலே கிடையாது என்றார்கள். சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகையைப் பி.எஸ்.4 மாசுத் தரத்துக்கும் அதற்கு மேலானவற்றுக்கும் என்று சுருக்கியது. இதிலெல்லாம் சி.சி. என்ற சொல்லே வரவில்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க. மூன்று லிட்டரானாலும் முக்கால் லிட்டரானாலும் பிறந்த தேதிதான் பேச்சு. ஒற்றைப்படை இரட்டைப்படைத் திட்டம் நடந்த 2016இலும் 2019இலும் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம்தான் பேச்சு. இன்ஜினுக்கு 14 லட்சம் கூடக் கொடுத்தவர், கடைசி இலக்கம் ஏழு என்ற ஒரே காரணத்தால், இரட்டைப்படை நாளில் மெட்ரோவில் தொங்கினார்.

முன்னோர் வழக்கு

சின்னது பெரியது வழக்கு நமக்குப் புதிதல்ல. 1998இல் கிரேட்டர் நொய்டாவிலிருந்து வந்த முதல் ஹோண்டா சிட்டி 1.3, 1.5 என இரண்டு அளவில் கிடைத்தது. பிறகு 2000இல் அதே 1.5க்குள் விடெக் வால்வைப் பொருத்தி 106 குதிரை ஆக்கினார்கள். அளவு ஏறவில்லை, மூச்சுவிடும் முறைதான் மாறியது. அந்த விடெக்கைத் தேடி அலைந்தவர்கள் தில்லியிலும் உண்டு, கோயம்புத்தூரிலும் உண்டு. ஏழைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. இன்று தில்லியில் அதைப் பார்க்க முடியாது. பதினைந்து வருஷ ரேகை எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. தப்பியவை என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே போயின. "டெல்லி வண்டியா? யோசிச்சு வாங்குங்க" என்று நம்மூர் மெக்கானிக் சொல்லும் அந்த டெல்லி வண்டிகளில் சில இவை.

போர்ஷேயிடம் நடந்தது இன்னும் சுவையானது. பாக்ஸ்டர், கேமன் கார்களின் அடிப்படை இன்ஜின் ஆறு சிலிண்டர், 2.7 லிட்டர். 2016இல் அதை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர், இரண்டு லிட்டர் டர்போ வைத்தார்கள். சக்தி குறையவில்லை, பாக்ஸ்டரில் 265இலிருந்து 300 குதிரைக்கு ஏறியது. ரசிகர்கள் கொண்டாடவில்லை. சத்தம் போச்சு என்று உலகம் முழுக்க ஒப்பாரி வைத்தார்கள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்து, விலை கூடிய வகைகளில் நாலு லிட்டர் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. அளவு என்று எல்லாரும் வாயால் பேசுவது காதில் விழும் அளவைத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஃபோர்டு மஸ்டாங் இந்த ஆய்வில் சேராது, அமெரிக்காவில் 2.3 லிட்டரும் விற்ற அந்தக் கார், 2016இல் இந்தியா வந்தபோது 4,951 சி.சி. வி8 மட்டும்தான். தேர்வே இல்லாத இடத்தில் ஐயம் எழாது.

களப்பணி

துணைக்கு எதிர்வீட்டு மாமா வந்தார். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்; யார் எதைச் சொன்னாலும் வவுச்சர் கேட்பார். சந்தில் இரண்டு இசட்4 பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒன்று இரண்டு லிட்டர், ஒன்று மூன்று. இரண்டின் மேலும் ஒரு பையன் மைக்ரோஃபைபர் துணியால் தூசு துடைத்துக்கொண்டே இருந்தான். கரோல் பாகில் துடைத்து முடிக்கும் முன் மறுபடி தூசு படிந்துவிடும் என்பதால் அது நிரந்தர வேலை.

"சார் ஜி, டாக்டர் கீ காடி ஹை," என்றார் டீலர், இரண்டு லிட்டரைக் காட்டி.

"இது?" என்றார் மாமா, மூன்று லிட்டரைக் காட்டி.

"யே பீ டாக்டர் கீ."

மாமா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இந்த ஊர்ல இத்தனை டாக்டர் இருந்துமா ஏ.ஐ.ஐ.எம்.எஸ்.ஸுல அவ்வளவு க்யூ?"

"அவங்கெல்லாம் காரை வித்துண்டு இருக்காங்க போல, மாமா."

"கித்னா தேத்தி ஹை?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார் மாமா, மைலேஜ் எவ்வளவு என்று. மாருதி ஒரு காலத்தில் இதை வைத்தே விளம்பரம் எடுத்தது. ஸ்போர்ட்ஸ் கார் டீலரிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. டீலர் முகம் வாடவில்லை. "ஷௌக் கீ சீஸ் ஹை, அங்கிள் ஜி," என்றார். ஆசைக்கு மைலேஜ் கேட்பார்களா என்பது கருத்து.

ஆனாலும் நாங்கள் கணக்குப் போட்டோம். ஊருக்குள் சின்னது லிட்டருக்குப் பத்தும் பெரியது எட்டும் தருவதாக வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதலாகச் செலவாவது ஐம்பது லிட்டர். 2025 விலையில் ஐயாயிரம் ரூபாய்க்குள். பெட்ரோலைக் காரணம் காட்டிச் சின்ன இன்ஜின் வாங்குகிறவர் மனசுக்குள் வேறு காரணம் வைத்திருக்கிறார் என்று இந்நூல் ஐயுறும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் உண்டா எனின், தில்லியில் அவ்வளவு ஓடுவதே அரிது. நின்று நின்றுதான் இந்தக் கார்கள் பழசாகின்றன.

அதற்குச் சான்று உடனே கிடைத்தது. சத்தம் கேட்க வேண்டும் என்றேன். டீலர் இரண்டு லிட்டரின் பட்டனை அழுத்தினார். டிக் என்றது, அவ்வளவுதான். மூன்று லிட்டர் டிக்கூட என்னவில்லை. பையன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய், எதிர்ச் சந்தில் இருந்து ஒரு பழைய ஆல்ட்டோவை ஓட்டிவந்து, சிவப்புக் கறுப்பு வயர்களை மாட்டிவிட்டான். 796 சி.சி. புண்ணியத்தில் முதலில் 1,998 உயிர் பெற்றது, பிறகு 2,998. மூன்று இன்ஜினும் ஒரே சமயத்தில் ஓடின. சந்தில் நின்ற எல்லாரும் மூன்று லிட்டரைப் பார்த்தார்கள். மாமா மட்டும் ஆல்ட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிற்கிற காரில் பார்க்க வேண்டியவற்றை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நூலுக்கு அழகு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். மீட்டர் சில ஆயிரம் காட்டி, டயர் புத்தம் புதிதாக இருந்தால், இரண்டில் ஒன்று பொய். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். கூரையை ஒருமுறை திறந்து மூடச் சொல்ல வேண்டும். இன்ஜின் எத்தனை லிட்டர் என்று குனிந்து ஆராய்கிறவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் போவதை ஆய்வாளர் தம் கண்ணாலேயே கண்டார்.

கருப்பொருள்களில் சிறந்தது பேட்ஜ். கார் உபகரணக் கடைகளில் எம் என்ற எழுத்து, மூவண்ணப் பட்டையோடு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பின்னால் ஒட்டினால் இரண்டு லிட்டர் காருக்கு ஒரே மாலையில் இரண்டு சிலிண்டர் முளைக்கும். கான் மார்க்கெட்டில் சாவி வாங்கும் வேலட் பையனுக்கு அந்த எழுத்துதான் இன்ஜின். எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டவர் ஒரே ஒரு பயத்தோடு வாழ வேண்டும்: யாராவது நிஜமான ஆறு சிலிண்டர்க்காரர் பக்கத்தில் வந்து நின்று, "ரேஸ் தோ தோ", கொஞ்சம் முறுக்கிக் காட்டு, என்று கேட்டுவிடுவாரோ.

உரிப்பொருள்: இரங்கலும் இரங்கல் நிமித்தமும். கடலே இல்லாத தில்லியில் நெய்தல் திணை எப்படி வந்தது எனின், சர்வீஸ் பில் வழியாக வந்தது என்க. பிரேக் தகடு, டயர், பேட்டரி என்று வருமிடத்தில் கார் பழசானதால் விலை குறைந்திருக்கும், உதிரி பாகம் விலை குறைந்திராது. காரைப் பாதி விலைக்கு வாங்கலாம். பில் புதுக் காருக்குத்தான் வரும்.

தடைவிடை

அப்படியானால் இரண்டு லிட்டரே போதும் என்பது இந்நூலின் முடிபு எனின், ஆம். தில்லியில் ஓட்டுவதற்கு நாலு பாக்கெட் போதும். அதிலேயே ஒன்றிரண்டு பொங்கி வழியும். ஆயினும் மூன்று லிட்டர் வாங்குகிறவரை மடையர் என்று தள்ள முடியாது. அவர் வாங்கும் கூடுதல் சிலிண்டர் இரண்டும் சாலைக்கு அல்ல. முர்த்தலில் பராட்டாவுக்காகக் காத்திருக்கும் இருபது நிமிஷத்துக்கு. "ஸ்ட்ரெய்ட் சிக்ஸ்" என்று சொல்லிவிட்டு லஸ்ஸி டம்ளரைக் கையில் எடுக்கும்போது மேஜையில் விழுகிற அந்த மௌனம் நாலு சிலிண்டருக்கு வாய்க்காது. ஏழு லட்சத்துக்கு ஒரு பாக்கெட் அதிகமா குறைவா என்பது வாங்குகிறவரின் நண்பர்களைப் பொறுத்தது.

மின்சாரக் கார் வந்துவிட்டால் சி.சி.யே இராதே, இந்நூல் வீண் அல்லவா எனின், அன்று. இன்ஷூரன்ஸ்காரர்கள் முன்பே யோசித்துவிட்டார்கள்: 30 கிலோவாட்டுக்குள் 1,780 ரூபாய், 65க்குள் 2,904, அதற்கு மேல் 6,712. மூன்று வகுப்பு அப்படியே இருக்கிறது. அலகு மட்டும் மாறியிருக்கிறது.

இந்த முடிபோடு ஆய்வாளர் மறுபடி சந்துக்குப் போனார். இரண்டு காரும் விற்றுப்போயிருந்தன. வாங்கியவர் யார் என்று கேட்டதற்கு டீலர், ஒரே பார்ட்டி, லூதியானா, இரண்டையும் எடுத்துக்கொண்டார் என்றார். இந்த ஐயத்துக்கு இப்படியும் ஒரு தீர்வு உண்டு என்பது ஆய்வின் எந்தக் கட்டத்திலும் தோன்றவில்லை. அவை நின்ற இடத்தில் ஒரு வெள்ளை ஃபார்ச்சூனர், 2,755 சி.சி., டீசல், ஆள் உயரத்துக்கு நின்றது.

"யே லே லோ, சார் ஜி," என்றார் டீலர்.

"நான் ஸ்போர்ட்ஸ் கார் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"தில்லி மே யஹீ ஸ்போர்ட்ஸ் ஹை. பின்னால் வந்து ஹாரன் அடித்தால் போர்ஷேகாரனும் ஒதுங்கி வழி விடுவான்."

மாமா ஃபார்ச்சூனரைச் சுற்றி வந்தார். குனிந்து டயர் எண்ணைப் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "இதுவும் டாக்டர் வண்டிதானே?"

"நஹீன் அங்கிள் ஜி," என்றார் டீலர், முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி. "நேதாஜி கீ."